தாய்க் குதிரைகளைத் தேடி ஒரு பயணம்

கொழும்பு கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடல் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்று அங்கே றக்பி மைதானமும் கடைத்தொகுதியும் இருக்கின்றன. 1893இல் தொடங்கிய அந்தத் திடலில் 1956 வரை குதிரைகள் ஓடின. பந்தயச் சூது ஒழிந்ததற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குதிரைகளைக் குளிப்பாட்டி, உணவூட்டி, காய்ச்சலென்றால் இரவெல்லாம் விழித்திருந்த எளிய மனிதர்களை யாரும் நினைப்பதில்லை.

என் உம்மும்மாவின் வாப்பா அவர்களில் ஒருவர். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கை வீட்டிலிருந்து சுபஹுக்குப் பிறகு லாயத்துக்கு நடந்தே போவாராம். உம்மும்மா அடிக்கடி சொல்வார்: "துரமாரெல்லாம் குதிரட வாப்பா ஆரெண்டு கேப்பாங்க. எங்கட வாப்பா மட்டும் அதுட உம்மா ஆரெண்டு கேப்பார், மகள்."

சிறு வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். பின்னர் படித்தபோதுதான் இது அறபுப் பாலைவனத்து வழக்கம் என்று தெரிந்தது. பதவி அறபிகள் குதிரையின் குலத்தைத் தாய் வழியாகவே எண்ணினார்கள். ஆண் குதிரையை விற்பார்கள். நல்ல பெண் குதிரையை இலேசில் கைவிட மாட்டார்கள். இன்று உலகமெங்கும் ஓடும் பந்தயக் குதிரைகளின் தந்தை வழி, கீழ்த்திசையிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மூன்று ஆண் குதிரைகளில் போய் முடிகிறது. அவற்றில் ஒன்று 1704இல் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து போனது.

நம் பக்கத்துக் கதை வேறு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்குள்ள அரசர்கள் ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாக எழுதியிருக்கிறார். ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை; சோற்றையும் இறைச்சியையும் சமைத்து ஊட்டினார்களாம்! நல்ல குதிரைகளைச் சேர்த்தாலும் கால் கோணிய, ஒன்றுக்கும் உதவாத குட்டியே பிறந்ததாகவும் சொல்கிறார். காசு கொடுத்துக் குதிரை வாங்கலாம். குதிரை இனத்தை வாங்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இலங்கையில் குதிரை இனம் வேரூன்றிய ஓர் இடம் உண்டு. அதுதான் நெடுந்தீவு. போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்ட குதிரைகளை ஒல்லாந்தர் அங்கே வளர்த்துப் பெருக்கினார்கள். கடந்த ஓகஸ்ட் விடுமுறையில், "உம்மும்மா சொன்ன குதிரயப் பாக்கோணும்" என்று மகள் பிடிவாதம் பிடிக்கவே, வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனோம். காலையில் குறிகட்டுவான் துறையிலிருந்து படகு. ஒரு மணி நேரம் போலக் கடலில் ஆடி ஆடி நெடுந்தீவில் இறங்கினோம்.

எங்கு பார்த்தாலும் முருகைக்கல் வேலிகள். அறபு வணிகர் நட்டதாகச் சொல்லப்படும் பருத்த பெருக்கமரம். ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் கல் தூண்கள். அதற்கு அப்பால் காய்ந்த புல்வெளியில், நாங்கள் தேடி வந்த குதிரைகள் நின்றன. குள்ளமான, மெலிந்த குதிரைகள். ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று ஒவ்வொரு கூட்டமும் ஒரு குடும்பம். கடிவாளமும் இல்லை, சொந்தக்காரனும் இல்லை.

ஒரு பெண் குதிரையின் வயிறு பெருத்திருந்தது. மகள் பிஸ்கட்டுடன் ஓடினாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தடுத்தார். "கிட்டப் போகாதேங்கோ பிள்ளை, அதின்ர வயித்தில குட்டி இருக்கு. பிஸ்கற் வேண்டாம், தண்ணிதான் வேணும்" என்றார்.

சகோதரிகளே, குதிரை பதினொரு மாதம் சுமக்கிறது. நம்மைவிட இரண்டு மாதம் அதிகம். பெரும்பாலும் ஆளரவம் அடங்கிய இரவிலேயே ஈனும். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று, அடுத்த ஓரிரு மணிக்குள் பால் குடிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு கருவிலேயே கிடைத்துவிடுகிறது. குதிரைக் குட்டிக்கு அப்படியில்லை. அந்த முதல் நாள் சீம்பாலில்தான் அது கிடைக்கும். தாய் மெலிந்து பால் வற்றினால் குட்டி நோய்க்கு இரையாகும். லாயத்துக் குதிரை என்றால் கடைசி மூன்று மாதம் தீனியைக் கூட்டுவார்கள். இளங்கொடி மூன்று மணி நேரத்துக்குள் விழுந்ததா என்று பார்ப்பார்கள். விழாவிட்டால் வைத்தியரை அழைப்பார்கள். ஒரு வாரம், பத்து நாளில் தாய் மீண்டும் சினைப் பருவத்துக்கு வரும். கைதேர்ந்தவர்கள் உடல் தேறாத தாயை அப்போது ஆணுடன் சேர்க்காமல் பொறுத்திருப்பார்கள்.

நெடுந்தீவுக் குதிரைக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. அந்தத் தீவில் நன்னீர் அருமை. ஓகஸ்ட் வெயிலில் குளங்கள் வற்றிவிடும். மழைக்கு ஒக்டோபர், நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். வறட்சி கடுமையான ஆண்டுகளில் குதிரைகள் மடிந்ததும் உண்டு. 2015இல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்பைக் குடித்துத் தாகம் தீராதே! கிணற்றில் அள்ளித் தொட்டியில் ஊற்ற ஒரு கை வேண்டும்.

அந்த அம்மா அள்ளினார். இவரும் வாளியை வாங்கி அள்ளினார். மகள் தொட்டியருகே தள்ளி நின்றாள். சினைக் குதிரை எங்களைப் பார்த்தபடியே மெல்ல வந்து குடித்தது. அது குடித்து விலகும் வரை மற்றவை பின்னால் நின்றன.

கொழும்பு திரும்பியதும் உம்மும்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். லாயத்தையோ பெருக்கமரத்தையோ அவர் விசாரிக்கவில்லை. "தண்ணி குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். கொடுத்தோம் என்றதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நெடுந்தீவுக்குப் போகும் சகோதரிகள் புகைப்படம் எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. குட்டிகளைத் துரத்தாதீர்கள். ஒரு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றிவிட்டு வாருங்கள்.