கந்தரோடையின் முருகைக்கல் தூபிகள்

சுன்னாகம் சந்தியிலிருந்து மேற்கே திரும்பினால் தோட்டங்களையும் பனங்கூடல்களையும் தாண்டிக் கந்தரோடை வரும். அங்கே வேலிக்குள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கின்றன தூபிகள். அநுராதபுரத்து ருவன்வெலிசாயப் பெருந்தூபியைப் பார்த்த கண்ணுக்கு இவை விளையாட்டுச் சாமான். சில ஆளுயரம்கூட இல்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால் செங்கல்லைக் காணோம். எல்லாம் முருகைக்கல். கடலில் வளர்ந்த கல்லாகையால் மேலெங்கும் பொடித்துளைகள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கருங்கல் கிடையாது. கையெட்டும் தூரத்தில் கிடைத்ததைச் செதுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்த போல் ஈ. பீரிஸ்தான் இந்த இடத்தை உலகறியச் செய்தவர். 1917இலும் 1919இலும் அரச ஆசியக் கழக இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் எழுதினார். இங்கு அகப்பட்ட காசுகளே ஒரு சந்தைக் கதை சொல்லும்: வட இந்திய முத்திரைக் காசுகள், இலட்சுமி உருவத் தகடுகள், உரோமக் காசுகள். வழிபட வந்தவர்கள் மட்டுமல்ல, கொள்வனவு செய்ய வந்தவர்களும் நடமாடிய ஊர் இது.

தூபிகள் யாருடையவை, தமிழ்ப் பௌத்தருடையவையா சிங்களப் பௌத்தருடையவையா என்ற சண்டை இன்று தூபிகளைவிட உயரமாக வளர்ந்துவிட்டது. மணிமேகலை என்ற பௌத்தக் காப்பியம் பிறந்த மொழிக்குப் பௌத்தம் அந்நியமில்லை. வல்லிபுரத்தில் 1936இல் வெளிப்பட்ட பொன்னேடோ, அநுராதபுரத்தை ஆண்ட வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தில், அதாவது இந்தக் குடாநாட்டில், ஒரு விகாரை எழுந்ததைப் பிராகிருதத்தில் சொல்கிறது. இரண்டு சான்றும் அருகருகே இருக்கட்டுமே. ஒன்றை ஒளித்தால்தான் மற்றது நிற்கும் என்றில்லை.

இன்னொன்றையும் பார்க்க வருவோர் கவனிக்க வேண்டும். முழுதாகத் தெரியும் கும்மட்டங்களில் பல, சிதறிக் கிடந்த கற்களைக் கொண்டு தொல்லியல் திணைக்களம் மீளக் கட்டியவை. பழைமைக்கு நம்பத்தக்க சாட்சி அடித்தளந்தான்.

அதைவிட நல்ல சாட்சி மண்ணுக்குள் இருந்தது. 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழுவினர் தொல்லியலாளர் விமலா பெக்லியுடன் வந்து குழி வெட்டினார்கள். பௌத்தத்துக்கு முந்திய பெருங்கற்கால மக்களின் கறுப்பு சிவப்பு மட்கலம் கிடைத்தது. கூடவே ரௌலட்டட் மட்பாண்டம்: மெல்லிய சாம்பல்நிறத் தட்டு, உள்ளடியில் உருளைச் சில்லால் பதித்த பொடிக்கோடுகள் வளையம் வளையமாக. உரோம உலகச் சரக்கென்று ஒருகாலம் நம்பப்பட்ட இது இந்தியாவிலேயே வனையப்பட்டது என்பது பிற்கால ஆய்வின் முடிவு. இதே மட்பாண்டம் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் குவியலாகக் கிடைத்திருந்தது. பெக்லி 1989இல் அங்கேயும் அகழத் தொடங்கினார்.