பொய்க் குரைப்பு

ஒஹாயோவில் மகள் வீட்டில் இருந்தபோது, எதிர்வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீகிள் நாய்ப் போட்டிக்குக் கூட்டிப்போனார். முயல் துரத்துகிற போட்டி என்றதும் தயங்கினேன். ‘கொல்ல மாட்டோம். மோப்பம்தான் பந்தயம்’ என்றார். 1890-ல் மாஸசூசெட்ஸில் ஆரம்பித்த சமாசாரமாம்.

13 அங்குல உயரம் வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் 15 வரை இன்னொன்று. நாங்கள் பார்த்ததில் ஜோடி ஜோடியாக விட்டார்கள். முயல் ஓடின தடத்தை முகர்ந்து, குரைத்துக்கொண்டே போக வேண்டும். வேகம் முக்கியமில்லை, தடம் பிசகக் கூடாது. இரண்டு நடுவர்கள். வாசனை இல்லாத இடத்தில் குரைத்தால் தப்பு. முயல் வந்த திசையிலேயே திரும்பிப் போனால் தப்பு. இல்லாத தடத்தை இருப்பதாகப் பாவ்லா காட்டினால் மகா தப்பு. அதற்கு ‘ஆவித் தடம்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்!

நண்பரின் நாய் என்னமாய்க் கத்தியது! முன்னால் வேறு ஓடியது. நானாயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதல் பரிசு கொடுத்திருப்பேன். நடுவர்களோ, மண்ணிலிருந்து மூக்கை எடுக்காமல் நிதானமாக வந்த ஒரு கிழட்டு நாயைத் தேர்ந்தெடுத்தார்கள்.

‘அநியாயம்’ என்றேன், திரும்பி வரும்போது.

‘இல்லை. புதர்கிட்ட அவன் தடத்தை விட்டுட்டான். அப்புறம் கத்தினதெல்லாம் பொய். என் நாய் குரல் எனக்குத் தெரியாதா?’ என்றார்.

பின்சீட்டில் அது வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.