கென்னத்தின் பிள்ளைகள்

மே 6, 2024, திங்கள். இன்வர்னஸ்

ஆவணக் காப்பகத்தில் மூடும் நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். மெக்கன்சி என்ற குடும்பப் பெயரின் வேரைப் பிடிப்பது கடினமில்லை. கேலிக் மொழியில் அது ‘கென்னத்தின் மகன்’. பழைய ஸ்காட்லாந்து எழுத்தில் யகரம் போன்ற ஓர் ஒலிக்குத் தனி எழுத்து இருந்தது. அச்சுக்கூடங்களில் அதற்கு அச்சு கிடைக்காமல், உருவத்தில் அதை ஒத்த ‘இஸட்’டைக் கோத்தார்கள். இன்று உலகம் உச்சரிக்கும் ஓசை அப்படி வந்ததுதான்.

எந்தக் கென்னத் என்பதில்தான் சண்டை. 17ஆம் நூற்றாண்டில் அந்தக் குலத்தில் பிறந்த ஜார்ஜ் மெக்கன்சி, பின்னாளில் குரோமார்ட்டி பிரபு ஆனவர், குல வரலாறு எழுதினார். அதன்படி கென்னத்தின் மூதாதை அயர்லாந்திலிருந்து வந்த காலின் ஃபிட்ஸ்ஜெரால்டு; அவர் 1263இல் லார்க்ஸ் போரில் நார்வேக்காரர்களை எதிர்த்து நின்றாராம். மன்னர் மகிழ்ந்து மேற்குக் கரையில் கின்டெய்ல் நிலத்தைக் கொடுத்தாராம். பிற்கால ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. மண்ணிலேயே முளைத்த கேலிக் குலம் இது என்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பெரிய வீடு எழும்பியதும் தூரதேசத்து வீரன் ஒருவனை மூதாதையாகத் தேடிக்கொள்ளும் ஆசை எந்த நாட்டிலும் உண்டு.

இன்று குறித்துக்கொண்டதில் முக்கியமானது வேறு. இந்த மலைநாட்டில் சாதாரணக் குடியானவர்களுக்கு நெடுங்காலம் நிலையான குடும்பப் பெயரே இல்லை. நம் ஊரில் தகப்பன் பெயர் முன்னெழுத்தாக நிற்பதுபோல, இன்னார் மகன் இன்னார் என்பதோடு சரி. குத்தகைச் சீட்டு, தேவாலயப் பதிவேடு, பட்டாளத்துப் பட்டியல் என்று எழுத்து வந்தபோதுதான் பெயர் கேட்டார்கள். பலர் தாங்கள் வாரம் கொடுத்த தலைவரின் பெயரையே சொன்னார்கள். மெக்கன்சி என்று எழுதப்பட்ட எல்லோரும் ஒரே ரத்தம் அல்ல. நிலப்பிரபுவும் அவர் குடியானவரும் ஒரே பெயரில் நிற்கிறார்கள். இந்தப் பெயரின் பயணத்தை எழுதுவதானால் எந்த மெக்கன்சி என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

மே 7, செவ்வாய். டோர்னி

மூன்று கடல் ஏரிகள் கூடும் இடத்தில் எய்லியன் டோனன் கோட்டை. பிஸ்கட் டப்பாக்களிலும் நாட்காட்டிகளிலும் பார்த்துப் பழகிய அதே கோட்டை. இப்போது நிற்பது 1932இல் முடிந்த மறுகட்டுமானம். அதற்கு முன் இருநூறு ஆண்டு இது இடிபாடாகவே கிடந்தது.

இடித்தவர்கள் பிரிட்டிஷ் கடற்படையினர். நாடிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் பக்கம் நின்றார் குலத் தலைவரான ஐந்தாம் சீஃபோர்த் பிரபு வில்லியம் மெக்கன்சி. 1715 கலகம் தோற்றதும் பட்டமும் நிலமும் பறிபோயின. 1719இல் ஸ்பெயின் வீரர்கள் சிலரோடு திரும்பி வந்தார். மே மாதத்தில் போர்க்கப்பல்கள் கோட்டையைச் சுட்டுப் பிடித்து, உள்ளே சேர்த்துவைத்திருந்த வெடிமருந்தைக் கொண்டே தகர்த்தன. ஒரு மாதம் கழித்து, பக்கத்துப் பள்ளத்தாக்கான கிளென்ஷீலில் போரும் தோற்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை நிறுத்திவைத்தது. நிலம் அரசாங்கத்துடையதாகிவிட்டது. குடியானவர்களோ வாரத்தை அரசாங்கத்துக்குக் கட்டவில்லை. டொனால்ட் மர்ச்சிசன் என்பவர் அதை வசூலித்து, வெளிநாட்டில் ஒளிந்திருந்த தலைவருக்கு ஆண்டுக்கணக்கில் சேர்ப்பித்தார். அரசாங்க வசூல்காரர்கள் படையோடு வந்தபோதும் விரட்டியடித்தார்கள். தலைவன் என்றால் தகப்பன், நிலம் எல்லோருக்கும் பொது என்ற நம்பிக்கை அவர்களிடம் அவ்வளவு ஆழமாக இருந்தது. அந்தத் தலைவனின் பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த நம்பிக்கைக்கு என்ன கதி நேர்ந்தது என்பதை நினைக்க மனம் கனக்கிறது.

மே 9, வியாழன். ஃபோர்ட்ரோஸ்

சிவப்பு மணற்கல் தேவாலயம், பாதி இடிந்தது. சீஃபோர்த் குடும்பத்தின் கல்லறைகள் இதற்குள். மழை தூறிக்கொண்டே இருந்தது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இங்கிருந்து நேராக ஒரு வழி போகிறது. வில்லியமின் பேரன் கென்னத் மெக்கன்சி, பிரபு பட்டம் திரும்பக் கிடைத்த நன்றிக்காக அரசருக்காகவே ஒரு படை திரட்டினார். 1778இல் குடியானவர்கள் ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்தார்கள். சம்பளப் பாக்கி நின்றது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தங்களை விற்றுவிட்டார்கள் என்ற பேச்சும் பரவியது. எடின்பரோவில் கப்பலேற மறுத்து, நகரை ஒட்டிய ஆர்தர்ஸ் சீட் குன்றின்மேல் ஏறி நாள்கணக்கில் உட்கார்ந்துகொண்டார்கள். எடின்பரோ மக்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சமாதானம் பேசி இறக்கினார்கள். மூன்று ஆண்டு கழித்து, அவர்கள் எதற்குப் பயந்தார்களோ அதுவே நடந்தது. 1781இல் சென்னைக்குக் கப்பல். பிரபு வழியிலேயே செயின்ட் ஹெலினா தீவுக்கு அருகில் இறந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஸ்கர்வி நோயில் மாண்டு கடலில் போடப்பட்டார்கள். 1782இல் கரையேறியவர்களில் பாதிப்பேருக்குக்கூட அணிவகுத்து நடக்கத் தெம்பில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அவர்களைக் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக நிறுத்தினார்கள். அதில் செத்தவர்கள் வேண்டுமென்றே நாடு பிடிக்க வந்தவர்கள் என்று என்னால் எழுத முடியவில்லை. பிடித்த நாட்டில் அவர்கள் துப்பாக்கியும் இருந்தது என்பதையும் மறைக்க மனமில்லை.

குலத்தின் இன்னொரு கிளையான குரோமார்ட்டி வீட்டிலும் இதே கதை. ஸ்டூவர்ட் வம்சத்துக்காக 1745–46இல் நடந்த கலகத்தில் தந்தையோடு சேர்ந்து பிடிபட்ட ஜான் மெக்கன்சி, மக்லியாட் பிரபு, மன்னிப்புப் பெற்று ஸ்வீடன் படையில் சேர்ந்தார். பல ஆண்டு கழித்துத் திரும்பி, அரசருக்கு ஒரு படை திரட்டிக்கொடுத்துச் சென்னைக்கே வந்தார். அதன் இரு பிரிவுகள் 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படையிடம் சிக்கி அழிந்தன. குடும்ப நிலம் 1784இல் திரும்பக் கிடைத்தது. குடியானவர் வீட்டுப் பிள்ளைகளைக் கொடுத்து மீட்ட நிலம் என்றே இதைச் சொல்வேன்.

(இரவு) கடைசி சீஃபோர்த் பிரபு பிரான்சிஸ் மெக்கன்சி சிறுவயதிலேயே செவிப்புலனை இழந்தவர். 1801 முதல் பார்படோஸ் தீவின் ஆளுநர். அடிமையைக் கொல்வது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டம் கொண்டுவரப் போராடியவர் என்று புகழ்கிறார்கள். அது உண்மை. தென்னமெரிக்கக் கரையிலுள்ள பெர்பீஸில் அவருக்கே தோட்டங்கள் இருந்தன, அவற்றில் அடிமைகள் உழைத்தார்கள் என்பதும் உண்மை. இன்று கரீபியனில் இந்தப் பெயரோடு வாழ்பவர்களில் பலருக்கு அது முதலாளியிடமிருந்து வந்து ஒட்டிய பெயர். எந்தக் குல மாநாட்டு மேடையிலும் முதலில் பேசப்பட வேண்டியவர்கள் அவர்களே.

அவருடைய நான்கு மகன்களும் அவருக்கு முன்பே இறந்தார்கள். மருமகன் அட்மிரல் சாமுவேல் ஹுட் 1814 டிசம்பரில் சென்னையில் காலமானார். சில வாரங்களில், 1815 ஜனவரியில், பிரபுவும் இறந்தார். விதவையாகி ஊர் திரும்பிய மகள் மேரி மறுமணம் செய்துகொண்டார். கணவர் மனைவியின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து ஸ்டூவர்ட்-மெக்கன்சி ஆனார். 1837 முதல் 1841 வரை இலங்கையின் ஆளுநர் அவர்தான். ஆண் வாரிசு அற்றுப்போன வீட்டில் பெயரைச் சுமந்தவள் ஒரு பெண். இந்தக் குடும்பம் வீழப்போவதைப் பிராஹன் ஞானி என்ற குறிசொல்லி முன்பே சொன்னார் என்று கதை உண்டு. வீழ்ச்சி ஏன் வந்தது என்பதற்குக் கணக்குப் புத்தகங்களே போதும்.

மே 11, சனி. குரோயிக்

ஒற்றையடி அளவுக்குக் குறுகிய சாலையில் வெகுதூரம் வந்தால் 1827இல் கட்டிய சின்ன தேவாலயம். சுற்றிலும் ஆடுகள்.

1845 மே மாதம், கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து ஆட்டுப் பண்ணைக்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் இந்தக் கல்லறைத் தோட்டத்தில் கம்பளிகளைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கின. தேவாலயத்தின் உள்ளே அவர்கள் போகவில்லை. சன்னல் கண்ணாடிகளின் வெளிப்புறத்தில் கீறி எழுதினார்கள். இன்றும் படிக்க முடிகிறது. கிளென்கால்வி மக்கள் இங்கே இருந்தார்கள் என்கிறது ஒரு வரி. தங்களையே பாவம் செய்த தலைமுறை என்று சொல்கிறது இன்னொன்று. அடித்தவன்மேல் ஒரு சொல்கூட இல்லை. விரலை வைத்துப் பார்த்தேன். எழுத்து ஆழமில்லை, ஆனால் ஒவ்வொரு கீறலும் தெளிவு.

அந்தக் குடும்பங்களில் பெரும்பாலோர் ராஸ் என்ற பெயர்க்காரர்கள். மெக்கன்சி இங்கே எப்படி வந்தார் என்றால், அந்த மே மாதத்தில் தகப்பனோடு இந்த வழியே நடந்து போன ஒரு சிறுவன் இந்தக் காட்சியைப் பார்த்தான். ஆர்ட்ராஸில் பிறந்த குத்தகைக் குடியானவர் மகன், ஜான் மெக்கன்சி. 1860இல் நியூசிலாந்துக்குப் போனான், ஆடு மேய்த்தான், 1891இல் அந்நாட்டின் நிலத்துறை அமைச்சர் ஆனான். பெரும்பண்ணைகளை உடைத்துச் சிறு விவசாயிகளுக்குக் கொடுப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டான். 1893இல் 84,000 ஏக்கர் செவியட் பண்ணையை அரசு வாங்கிப் பிரித்தது. அடுத்த ஆண்டு, விற்க மறுக்கும் பெரும்பண்ணைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தவும் சட்டம் வந்தது. குரோயிக்கில் பார்த்தது அவனை விட்டுப் போகவில்லை என்று எல்லா வரலாறுகளும் சொல்கின்றன.

இங்கேயே நிறுத்திக்கொள்ள ஆசைதான். ஆனால் அதே அமைச்சர் காலத்தில் மாவோரி மக்களின் நிலம் இருபது லட்சம் ஏக்கருக்கும் மேல் அரசாங்கத்தின் கைக்குப் போனது. விலை குறைவு, அரசைத் தவிர வேறு யாருக்கும் விற்கவும் வழியில்லை. நிலம் இழந்தவரின் வலியைக் கண்ணால் கண்ட மனிதர், இன்னொரு குலத்தின் நிலத்தைப் பார்த்தபோது அதைக் காணவில்லை. இதற்கு நான் சமாதானம் தேடப்போவதில்லை.

மே 13, திங்கள். ஸ்டோர்னவே

உல்லபூலில் கப்பலேறி லூயிஸ் தீவு. மரமில்லாத கரிமண் சதுப்பு, காற்று, காற்று.

இந்தத் தீவு மெக்கன்சிகளின் பூர்வீகம் அல்ல. மக்லியாட் என்ற வேறொரு குலத்தின் தீவு. மன்னர் அனுப்பிய ஃபைஃப் பகுதிக் குடியேறிகள் இங்கே நிலைக்க முடியாமல் போக, 1610இல் கின்டெய்ல் மெக்கன்சி உரிமையை வாங்கித் தீவைப் பிடித்துக்கொண்டார். 1844இல் அதே குடும்பம் கடனுக்காகத் தீவை விற்றது. வாங்கியவர் சீனத்து அபினி வணிகத்தில் பொருள் சேர்த்த ஜேம்ஸ் மேத்திசன். துறைமுகத்துக்கு எதிரே நிற்கும் மாளிகை அவர் கட்டியது. உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு, 1851 முதல் 1855க்குள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடியானவர்கள் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கப்பல் செலவை மேத்திசனே கொடுத்தார். வாடகைப் பாக்கிக்காரர்களுக்குப் போவதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை.

ஸ்டோர்னவேயில் பிறந்த அலெக்சாண்டர் மெக்கன்சி சிறுவனாக இருந்தபோதே, 1774இல், தகப்பனோடு நியூயார்க் போனவர். தோல் வணிகம் செய்தார். 1789இல் கனடாவின் மிக நீண்ட ஆற்றில் ஆர்க்டிக் கடல் வரை இறங்கினார். இன்று அந்த ஆற்றுக்கு அவர் பெயர். 1793 ஜூலை 22 அன்று பசிபிக் கரைப் பாறையில் தன் பெயரையும் தேதியையும் செஞ்சாந்தால் எழுதினார். மலைகளைக் கடக்கும் வழியைக் காட்டியவர்கள் அங்கத்திய பழங்குடி மக்கள். அது அவர்கள் மீன்நெய் சுமந்து தலைமுறைகளாக நடந்த வணிகப் பாதை. பாறையில் அவர்கள் பெயர் இல்லை.

மே 14, செவ்வாய். ஸ்டோர்னவே

காலின் மெக்கன்சியும் இதே ஊர். சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். சீஃபோர்த் வீட்டின் தயவில் கம்பெனிப் படையில் இடம் கிடைத்து, 1783 செப்டம்பரில் சென்னையில் இறங்கினார். ஹெஸ்டர் ஜான்ஸ்டன் என்ற பெண்மணியின் வீட்டு அழைப்பில் மதுரை போனார். மடக்கையைக் கண்டுபிடித்த நேப்பியரின் வழிவந்தவர் ஹெஸ்டர். இந்தியக் கணிதம் பற்றி அங்கே கற்றறிந்தவர்களோடு தொடங்கிய பேச்சு, வாழ்நாள் வேலையாக மாறியது. திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் நிலத்தை அளந்தார். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1821 மே 8 அன்று கல்கத்தா அருகே இறந்தார். ஊர் திரும்பவே இல்லை.

அவர் சேர்த்த சுவடிகள், ஊர்க் கணக்குகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுப் படிகள் ஆகியவற்றின் பெரும்பகுதி அவர் கையால் சேர்ந்தது அல்ல. அவருக்குத் தென்னிந்திய மொழிகளில் தேர்ச்சி இல்லை. ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா, அவர் 1803இல் இறந்தபின் தம்பி லட்சுமய்யா, சமண அறிஞர் தருமையா, தொண்டை மண்டலத்தில் ஊர் ஊராக நடந்து குறும்பர் கதைகளையும் கோட்டைக் கதைகளையும் எழுதி அனுப்பிய அப்பாவு ஆகியோர்தாம் அந்தத் தொகுப்பின் கால்களும் காதுகளும். பூசாரியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் உட்கார்ந்து கேட்டவர்கள் அவர்கள். 1816இல் தாமஸ் ஹிக்கி தீட்டிய ஓவியத்தில் சிவப்புச் சட்டையோடு மெக்கன்சி நடுவில் நிற்கிறார். உதவியாளர் மூவர் அவரைச் சூழ நிற்கிறார்கள்.

காலினை நான் குறைக்கவில்லை. அவர் பணமும் பிடிவாதமும் இல்லையென்றால் அந்த ஏடுகள் கறையானுக்குப் போயிருக்கும். தன் ஆட்களின் பெயரைக் கடிதங்களில் நன்றியோடு எழுதியவரும் அவரே. அவரைவிடக் குறைவாக நாம் எழுதுவதுதான் சகிக்கவில்லை.

சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அந்தத் தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன. டி.வி. மகாலிங்கம் செய்த சுருக்கங்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1970களில் வெளியிட்டது. தங்கள் ஊரின் கதையைத் தேடுபவர்கள் அதில் தொடங்கலாம். எடுத்து எழுதும்போது அடிக்குறிப்பில் ‘மெக்கன்சி சுவடி’ என்று மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த ஏட்டைச் சேகரித்தவர் அப்பாவு என்றோ லட்சுமய்யா என்றோ தெரிந்தால், அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.