கட்டிலுக்கு அடியில் ஒரு ஜாம்!

உங்க வீட்டுக்கு வந்த கெஸ்ட் 19 நாள் மூஞ்சியே காட்டலைன்னா என்ன பண்ணுவீங்க? எங்க வீட்ல அப்படித்தான் நடந்துச்சு. கெஸ்ட் பேரு ஜாம். பிரெட்ல தடவுற ஜாம் இல்லை மக்களே... 2023 டிசம்பர்ல சென்னையை மிதக்க விட்டதே மிக்ஜாம் புயல், அந்த ஜாம்!

பள்ளிக்கரணைப் பக்கம் வெள்ளத்துக்கு நடுவுல, ஒரு காம்பவுண்டு சுவர் மேல ஒண்டிக்கிட்டு இருந்த கறுப்பு வெள்ளைப் பூனை. ஒரு அக்கா தூக்கிட்டு வந்து வளர்த்தாங்க. நிரந்தர வீடு கிடைக்கிற வரைக்கும் இப்படி வளர்க்கிறதுக்கு 'ஃபாஸ்டர்'னு பேரு. கூட இருந்த குட்டிகள் எல்லாம் ஒவ்வொண்ணா வீடு போய்ச் சேர, ஜாம் மட்டும் போணியாகலை. யார் பார்க்க வந்தாலும் பீரோ பின்னாடி போய் ஒளிஞ்சா, எவன் எடுப்பான்?

உண்மையைச் சொல்லிடறேன். நானும் ஒரு ஆரஞ்சுக் குட்டியைப் பார்க்கத்தான் போனேன். அது முந்தின நாளே புக் ஆகிடுச்சு. திரும்பும்போது பீரோ இடுக்குல ரெண்டு கண்ணு தெரிஞ்சுது. அவ்ளோதான், விழுந்துட்டேன்.

அக்கா கேட்ட கேள்விகள் இருக்கே... கேம்பஸ் இன்டர்வியூ தோத்துச்சு பாஸ்! சொந்த வீடா? யாருக்காவது வீஸிங் இருக்கா? ஜன்னலுக்கு வலை அடிப்பியா? எல்லாத்துக்கும் தலையாட்டினேன். கருத்தடை, தடுப்பூசி எல்லாம் முடிஞ்சிருந்தது. ரெண்டு வாரம் ட்ரையல். "ஒரே ரூம்ல வை. நீயா போய்த் தூக்காதே. ஒரு நாள் முழுக்க சாப்பிடலைன்னா போன் பண்ணு"ன்னாங்க. பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாமாம். எனக்கு அப்பத்தான் தெரியும்.

முதல் நாள், நேரா கட்டிலுக்கு அடியில, பழைய மிக்ஸி டப்பா பின்னாடி. காலையில வெச்ச சாப்பாடு ராத்திரி வரைக்கும் அப்படியே இருக்கு. பதறிப்போய் போன் போட்டேன். "லைட்டை அணைச்சுட்டுத் தூங்குடா"ன்னாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு 'மொறுக்... மொறுக்...'னு சத்தம். மேத்ஸ் பேப்பர் பாஸானப்போகூட நான் அவ்ளோ சந்தோஷப்பட்டதில்லை!

ஆனா அதோட சரி. "சோறு காலியாகுது, ஆளைக் காணோம். பேய் வளர்க்கிறியாடா?"ன்னு அம்மா தினமும் கிழிச்சாங்க. 14-வது நாள் எனக்கே வெறுத்துப்போச்சு. திருப்பிக் கொடுத்துடறேன்னு அக்காவுக்கு போன் பண்ணினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவா, "கொண்டு வாப்பா. ஏற்கெனவே ரெண்டு வீட்ல இருந்து திரும்பி வந்த பூனைதான் அது. சொன்னா நீ எடுக்க மாட்டியோன்னு மறைச்சுட்டேன்"னாங்க.

செம கோபம் எனக்கு. சொல்லியிருக்கணும்தானே? ஆனா சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பேனா? சத்தியமா மாட்டேன். அதை நினைச்சா இன்னும் கடுப்பாச்சு. அம்மாகிட்ட கெஞ்சி இன்னும் ஒரு வாரம் வாங்கினேன்.

2020-ல இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு ஆய்வு பண்ணியிருக்காங்க. பூனையைப் பார்த்து மெதுவா கண்ணைச் சுருக்கி மூடித் திறந்தா, அதுவும் பதிலுக்கு அப்படிப் பண்ணுமாம், பக்கத்துல வரவும் தயங்காதாம். தினமும் தரையில படுத்துக்கிட்டு கட்டிலுக்கு அடியில பார்த்துக் கண்ணடிச்சேன். நடுநடுவே 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' சத்தமா படிச்சேன். ஃபூரியர் வந்ததும் ஜாம் தூங்கிடும். நம்ம இனம்!

19-வது நாள் ராத்திரி கரன்ட் கட். ஃபேன் நின்னதும் வீடே கப்சிப். புழுக்கம் தாங்காம அம்மா என் ரூம் வாசல்ல, தரையில கால் நீட்டி உட்கார்ந்து விசிறிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல விசிறிச் சத்தம் நின்னுபோச்சு.

"என்னம்மா?"

"கத்தாதடா... கால் மேல படுத்திருக்கு."

கரன்ட் வந்த பிறகும் அம்மா எழுந்திருக்கலை. கால் மரத்துப்போய், சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்தாங்க.

ஜாம் இன்னமும் காலிங் பெல் அடிச்சா கட்டிலுக்கு அடியிலதான். நான் தொட்டா மூணு செகண்ட் பொறுத்துக்கும். தத்தெடுப்புப் பாரத்துல, 'வளர்ப்பவர்'ங்கிற இடத்துல இருக்கிறது அம்மா கையெழுத்து.

எனக்கா? மணல் டப்பா கிளீனிங் போஸ்ட்டிங்!