அதீனிக்கான பாடல்

சென்ற ஆண்டு நம் துறையில் பயின்ற மாணவி ஒருத்தி சாலை விபத்தில் இறந்தாள். இரங்கலுரை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. இருபதாண்டுகளாகக் கையறுநிலைப் பாடல்களை நடத்தி வருபவருக்கு அது கடினமாக இராது என்று எண்ணினோம். எழுதினோம், வாசித்தோம், பலரும் உரை நன்றாக அமைந்ததென்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுத்தான் உறுத்தியது. அவளுடைய தாயார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு நாம் கேட்டது ஜான் டேவனரின் 'அதீனிக்கான பாடல்'. ஆங்கிலேயரான டேவனர் (1944–2013) 1977இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்தவர். பைசாந்திய வழிபாட்டிசையும் ஐகான் எனப்படும் திருவுருவ ஓவியங்களும் அவர் இசைக்கு இலக்கணமாயின. தம் படைப்புகளை ஒலியாலான ஐகான்கள் என்றே அவர் கருதினார். சைக்கிள் விபத்தில் மாண்ட ஓர் இளம்பெண்ணின் நினைவாக 1993இல் இதை இயற்றினார். அன்னை தெக்லா என்னும் துறவி, ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டிலிருந்தும் ஆர்த்தடாக்ஸ் இறுதிச் சடங்கிலிருந்தும் சொற்களைத் தொகுத்தளித்தார். 1997இல் டயானாவின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தை விட்டு வெளியேறியபோது பாடப்பட்டதால் உலகம் இதை அறிந்தது.

இசைக்கருவி ஏதுமில்லை. கீழ்க்குரல்கள் ஒரே சுரத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை பிடித்து நிற்கின்றன. பைசாந்திய மரபில் இதற்கு 'ஐசான்' என்று பெயர். நாதஸ்வரத்திற்கு ஒத்து ஊதுவதைக் கேட்டவர்களுக்கு எளிதில் விளங்கும். அதன்மேல் ஒவ்வொரு வரிக்கும் இடையே 'அல்லேலூயா' திரும்பத் திரும்ப வருகிறது. மகிழ்ச்சியின் சொல் சாவு வீட்டில் எதற்கு? ஆர்த்தடாக்ஸ் மரபு இறுதிச் சடங்கிலும் அச்சொல்லைப் பாடுகிறது. மெல்ல நகரும் பாடல், முடிவை நெருங்கும்போது ஒருமுறை பேரொளியாக வெடித்து எழுகிறது. பின்பு பழைய அமைதிக்கே இறங்குகிறது. ஐசான் மட்டும் அசைவதேயில்லை.

இறந்தவள் அழகி என்றோ அறிவாளி என்றோ பாடல் சொல்லவில்லை. ஐகான் வரைபவன் மரபுப்படி தன் பெயரை எழுதுவதில்லை. தன் துயரத்தைக் காட்டுவதும் அவன் வேலையன்று. பொன் பின்புலத்தில் ஒரு முகம் நம்மை நோக்கி நிற்கும், அவ்வளவே. நம் உரையை எடுத்து மீண்டும் படித்தோம். உவமைகள் இருந்தன, நாம் கற்ற நூல்கள் இருந்தன, நம் துயரமும் இருந்தது. அவளைத்தான் காணோம்.

முதலாண்டு நினைவு நாளில் மறுபடியும் பேச அழைத்தார்கள். இம்முறை எதையும் எழுதிச் செல்லவில்லை. அவள் பெயரைச் சொன்னோம். முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டுப் பாரி வீட்டுக்கு எப்படிப் போனான் என்று அவள் ஒருநாள் வகுப்பில் கேட்டதைச் சொன்னோம். அமர்ந்துவிட்டோம்.

கூட்டம் முடிந்ததும் தாயார் அருகில் வந்தார். "அவ கேட்டதை இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றார்.