ஈர விறகுக் காலம்

சப்ரகமுவவில் பனி விழாது. எங்கள் குளிர் மழையோடு வரும். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை மலையில் வந்து முட்டிவிட்டால், யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் வெயில் கிடைப்பதே பெரிது. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் சுவர் வேர்க்கும், கம்பளி நாறும், முன் திண்ணையான இஸ்தோப்பில் விரித்த துணி மூன்றாம் நாளும் பிழிந்தால் சொட்டும். மேலே தேயிலை, கீழே றப்பர், நடுவில் லயம். மலையில் நனைந்து வருகிறவர்களுக்கு ஈரம் உலர்த்த இருப்பது அடுப்பு ஒன்றுதான். இலங்கையின் பொருளாதார நெருக்கடி ஆண்டான 2022இன் மழைக்காலத்தில் அந்த அடுப்பில் வைக்கக் காய்ந்த விறகு இல்லாமல் போனது. கொழும்பில் எரிவாயுவுக்கு நின்ற வரிசைகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எங்கள் அடுப்படியில் நடந்ததையும் யாராவது எழுதிவைக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

விறகுக்கும் பருவம் உண்டு. தை, மாசியில் றப்பர் மரம் இலை கொட்டும், பால் வெட்டுக் குறையும். அந்த நாட்களில்தான் எங்கள் பெண்கள் விறகுக்குப் போவார்கள். காற்றில் முறிந்த கிளை, தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டிப் போட்ட குச்சிகள், கிழட்டு றப்பர் புடுங்கிய மலையில் கொந்தராத்துக்காரர் விட்டுப்போன நுனிகள், சவுக்கு மரத்தின் காய்ந்த கொப்பு என்று கிடைப்பதையெல்லாம் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். அதைப் பிளந்து இஸ்தோப்பில் அடுக்கி, பங்குனி சித்திரை வெயிலில் காயவைத்து, மழைக்கு முன்னால் உள்ளே ஏற்றிவிட வேண்டும். பச்சை மரத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால்தான் விறகு ஒழுங்காக எரியும். இல்லாவிட்டால் தீயின் சூட்டில் நல்ல பங்கு கட்டைக்குள் இருக்கும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், சட்டிக்குக் குறைவாகத்தான் ஏறும். றப்பர் கட்டையைப் பிளந்து வெயிலில் போட்டால் நன்றாகக் காயும். ஈரத்தில் கிடந்தாலோ பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். அதனால் ஒரு வருசத்து விறகு அந்த வருசத்துக்கு மட்டும்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அதற்கு மேல் சேர்த்துவைக்க இடமும் இல்லை.

அந்த வருசம் விறகுப் பருவமே எங்கள் கையைவிட்டுப் போயிற்று. 2021 கடைசியில் எரிவாயுச் சிலிண்டர்கள் வெடிக்கத் தொடங்கின, பிறகு சிலிண்டரே கிடைக்காமல் போனது. 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ சிலிண்டர் அந்த ஒக்டோபரில் 2,675 ரூபாயாகி, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயாயிற்று. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் அப்போது 1,000 ரூபாய். லயத்தில் காஸ் அடுப்பு வைத்திருந்தவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் டவுனில் காஸ் இல்லாமல் போனதும் டவுன் விறகைத் தேடி மலைக்கு ஏறியது. பேக்கரிக்காரரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் லொறி அனுப்பினார்கள். முன்பெல்லாம் கொந்தராத்துக்காரர் அடிமரத்தைக் கொண்டுபோவார், கிளை எங்களுக்கு மிஞ்சும். அந்த மாசியில் மணிக்கட்டுப் பருமனுள்ள கொப்புவரை வெட்டி ஏற்றினார்கள். தேயிலை காயவைக்கத் தோட்டத்து ஸ்டோருக்கும் விறகுதான் வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகு எரியும். பெரிய தேவைகளெல்லாம் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றன.

எங்கள் ஆட்களும் விற்றார்கள். அதை மறைத்து எழுத முடியாது. மா விலை ஏறிக்கொண்டிருந்தது. கையில் காசில்லாத வீடுகள் இஸ்தோப்பில் அடுக்கியிருந்ததையே கட்டாகக் கட்டி லொறிக்குக் கொடுத்தன. அன்றைக்கு ரொட்டி சுட மா வாங்கத்தான் கொடுத்தார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் சித்திரை முடியும்போது எங்கள் லயத்தில் ஆளுயரம் நிற்கவேண்டிய அடுக்குகள் முழங்காலுக்கு வந்திருந்தன.

ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 19ஆம் திகதி எங்கள் கேகாலை மாவட்டத்திலேயே, றம்புக்கனையில், எரிபொருள் கேட்டு மறியல் செய்தவர்கள்மீது பொலிஸ் சுட்டு ஒருவர் செத்துப்போனார். வானொலியில் அதைக் கேட்ட இரவு லயத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அதற்கு முன்பே, மார்ச் கடைசியில், நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டினார்கள். மண்ணெண்ணெய் கடையில் இல்லை. எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குக்கு மட்டுமல்ல. ஈரம் கோத்த கட்டையில் தீ பிடிக்க வைப்பதும் அதுதான். சிரட்டையில் கொஞ்சம் ஊற்றிப் பற்றவைத்தால் அடுப்பு எழும்பிவிடும். அதுவும் இல்லாமல்தான் மழைக்குள் போனோம்.

விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழும்புவார். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போவதற்குள் தேத்தண்ணியும் ரொட்டியும் ஆக வேண்டும். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே இருப்பார். கட்டையின் முனையில் நுரை தள்ளித் தண்ணீர் வடியும், புகை எழும்பும், தீ எழும்பாது. பள்ளிக்கூடத்துப் பழைய கொப்பிகள் எரிந்தன. அறுந்த செருப்பு எரிந்தது. றப்பர் மலையில் சிரட்டையில் ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலைக் கொஞ்சம் மடியில் முடிந்து வந்து அதையும் பற்றவைத்தார்கள். ஒட்டுப்பால் உடனே பிடிக்கும். ஆனால் கறுத்த புகை கூரைத் தகரத்தில் மோதித் திரும்பி வந்து தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் மூக்கில்தான் இறங்கும். பெரும்பாலான லயத்து அடுப்படிகளுக்குப் புகைபோக்கி இல்லை. வீட்டுப் புகையால் உலகத்தில் 2020இல் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. அந்த ஆனி ஆடியில் இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மருந்துத் தட்டுப்பாடு, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள்.

பசியும் விறகும் ஒன்றையொன்று இழுத்ததை வெளியே இருக்கிறவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். கோதுமை மா கிலோ 300 ரூபாயைத் தாண்டியதும் ரொட்டி குறைந்தது. அதற்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைத்தவை பலாக்காயும் மரவள்ளிக் கிழங்கும் ஈரப்பலாவும். சப்ரகமுவ மண்ணில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ரொட்டி ஒரு சூட்டில் வெந்துவிடும், பலாக்காயும் கிழங்கும் நின்று அவிய வேண்டும். மலிவான சாப்பாட்டுக்குத்தான் கூடுதல் விறகு. அரை அவியலில் இறக்கிய கிழங்கைத் தின்று பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் அடுப்பு மூட்டுவது என்று பல வீடுகள் முடிவெடுத்தன. அரிசியை முதல் நாள் இரவே ஊறவைத்தோம். இராத்திரிச் சாப்பாடு ஆறிப்போன சோறும் சம்பலும்தான்.

அம்மா 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தைச் சின்னப் பிள்ளையாகக் கண்டவர். அப்போது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ பேர் பட்டினியில் செத்தார்கள். "அப்ப அரிசி இல்ல, மாவு இல்ல. கீரையப் புடுங்கி அவிச்சித் தின்னோம். ஆனா அவிக்க வெறகு இருந்திச்சி. இந்தத் தடவ அதுவும் இல்லையே, புள்ள" என்றார்.

ஜூனில் பெற்றோல் டீசல் இல்லாமல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். படிப்பிக்கப் போகவேண்டிய நானும் அம்மாவோடு விறகுக்குப் போனேன். தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் பழைய றப்பர் புடுங்கிய மலை ஒன்று இருந்தது. படங்கை இடுப்பில் சுற்றி, காலில் சவர்க்காரம் பூசி, அட்டைக்கடியோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்குவோம். ஒரு நாள் காவல்காரர் வழிமறித்தார். அவரும் எங்கள் லயத்துப் பிள்ளைதான்.

"அக்கா, இது வித்த மரம். நீங்க எடுத்தா என் வேல போயிரும்."

"மரத்தையா தம்பி கேட்டோம்? சுள்ளிதானே கேக்கிறோம்" என்றார் அம்மா.

"அதையும் எண்ணி எழுதியிருக்காங்க."

அவருடைய வீட்டு அடுப்பும் எரியவில்லை என்று எங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மழைக்கு ஒதுங்கப் போகிறவர்போல அவர் மேற்பக்கம் நடந்து போனார். நாங்கள் பொறுக்கிக்கொண்டு வந்தோம். நாலு தலைமுறையாக அந்த மலையில் மரம் நட்டு, பால் வெட்டிய குடும்பங்கள், கீழே விழுந்த சுள்ளிக்கு ஒளிந்து ஒளிந்து போனோம்.

சிலர் கோபத்தில், லயத்துக்கு மேலேயிருக்கும் சரிவில் அடிக்கட்டைகளை வேரோடு தோண்டத் தொடங்கினார்கள். மேல் லயத்துத் தாத்தா ஒருவர் தடியூன்றி வந்து குறுக்கே உட்கார்ந்துவிட்டார். "புளத்கொஹுப்பிட்டியாவ மறந்திட்டீங்களா?" என்ற ஒரு கேள்விதான் கேட்டார். 2016 மே மாதத்தில் எங்கள் மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே மழையில் புளத்கொஹுப்பிட்டிய களுப்பான தோட்டத்திலும் மண் சரிந்து லய வீடுகள் புதைந்தன. வேர் பிடித்திருக்கும்வரைதான் எங்கள் மலை மலை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். அந்தச் சரிவிலிருந்து ஓர் அடிக்கட்டையைக்கூடப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது சேர்ந்து சமைத்ததுதான். எங்கள் வரிசையில் ஆறு காம்பராக்களும் ஓர் அடுப்பில் சமைக்கத் தொடங்கின. மூட்டிய தீ அணையாமல் ஒரு சட்டி இறங்க மறு சட்டி ஏறும். அடுப்பைச் சுற்றியும் மேலே பரணிலும் மறுநாளைய ஈரக் கட்டைகளை அடுக்கி, எரிகிற தீயிலேயே காயவைத்தோம். கிழவிகள் இராத்திரி முழுக்கத் தணலுக்குக் காவல் இருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் அம்மாவுக்குப் பழக்கமான ஒரு சிங்கள அக்கா இருக்கிறார். அவர் வீட்டிலும் காஸ் இல்லை, ஆனால் வீட்டுத் தோட்டமும் தென்னையும் உண்டு. சாக்கு நிறையப் பொச்சும் சிரட்டையும் பன்னாடையும் மகனிடம் கொடுத்தனுப்பினார். பதிலுக்கு நாங்கள் தேயிலைத் தூள் கொஞ்சம் கொடுத்தோம். அவர் எங்களைவிட வசதியானவர் அல்ல. ஆனால் அவர் காலுக்குக் கீழே இருந்த கால் ஏக்கர் அவருடையது. அந்த வித்தியாசம் அந்த மழையில் எனக்கு நன்றாக விளங்கிற்று.

ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயாயிற்று. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பள்ளிக்கூடம் திறந்தபோது பிள்ளைகளின் கொப்பியிலும் சட்டையிலும் புகை மணத்தது. வீட்டில் விறகு பொறுக்கிக் களைத்த பிள்ளைகள் இரண்டாம் பாடத்திலேயே மேசையில் சாய்ந்து தூங்கினார்கள். நான் எழுப்பவில்லை.

அந்த மழைக்காலம் போய்விட்டது, காஸ் வந்துவிட்டது என்று நாடு அந்தக் கணக்கை மூடிவிட்டது. எங்கள் அடுப்படிக் கணக்கு மூடப்படவில்லை. நிலம் இல்லாதவர்களிடம் காய்ந்த விறகு இருக்காது. விறகு காய வெயில் மட்டும் போதாது. அடுக்கிவைக்க ஒரு கூரையும், இது என்னுடையது என்று சொல்ல ஒரு மரமும் வேண்டும். இருநூறு வருசமாகத் தோட்டத்தில் இருக்கிறோம், இரண்டும் இல்லை. சம்பளப் பேச்சுவார்த்தைகளில் அரிசியும் மாவும் கணக்கில் வருகின்றன. ஒரு பெண் விறகுக்காகச் செலவழிக்கும் நேரமும் அவள் குடிக்கும் புகையும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வீடு கட்டித் தருகிறவர்களிடமும் தோட்டத்தை நடத்துகிறவர்களிடமும் எங்கள் தொழிற்சங்கங்களிடமும் நான் கேட்பது இவைதான். எங்களுக்கு வீடு கட்டும்போது புகைபோக்கியுள்ள அடுப்படியும் விறகு அடுக்க ஒரு சாய்ப்பும் அந்தப் படத்திலேயே இருக்கட்டும். றப்பர் புடுங்கும் மலையில் கிளையும் நுனியும் தொழிலாளருக்கே என்று எழுத்தில் கொடுங்கள். தரிசாகக் கிடக்கும் ஓரங்களில் கிளிரிசிடியா நட்டு, வெட்டும் உரிமையை லயத்துப் பெண்களிடம் விடுங்கள். வெட்ட வெட்டத் தளிர்க்கும் மரம் அது. இவற்றில் ஒன்றுக்கும் வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை. அடுத்த வைகாசி மழைக்கு முன்னால் செய்து முடிக்கக்கூடிய வேலைகள்தான்.