அளந்து கட்டிய நகரும் அலை சூழ்ந்த குப்பமும்

ஊர்கள் இருவகைப்படும். தானே வளர்ந்த ஊர் ஒன்று. ஒருவர் காகிதத்திற் கோடு கிழித்து அதன்படி எழுப்பிய ஊர் மற்றொன்று. முன்னது மரத்தைப் போன்றது. பின்னது மாளிகையைப் போன்றது. மரத்திற் கிளை எப்பக்கம் முளைக்கும் என்று முன்னரே சொல்லுவார் இலர். மாளிகையிலோ, சாளரம் இவ்விடம், படி அவ்விடம் என்பது அடிக்கல் நாட்டுமுன்னரே முடிவாகி விடுகின்றது. இவ்விருவகை ஊர்களிலும் வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பு எமக்கு நேர்ந்தது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பமொன்றிற் பிறந்து வளர்ந்த யாம், உத்தியோக நிமித்தம் வடக்கே சண்டிகர் நகரில் ஆறாண்டுகள் குடியிருந்தோம். அவ்வநுபவத்தால் எம் மனத்தில் எழுந்த எண்ணங்கள் சிலவற்றை இம்மலரின் வாயிலாக மாணவ நண்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பழவேற்காட்டை அறியாதார் பொருட்டு இரண்டொரு வார்த்தை. ஒரிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்திய நாட்டிலுள்ள பெரிய உவர்நீர் ஏரி இதுவே. தெற்கே ஆரணியாறும், வடமேற்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் இதில் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியாகக் கடல் உப்புநீரை அனுப்புகின்றது. இவ்விரண்டும் கலக்கும் அளவைப் பொறுத்தே இறாலும் மடவையும் நண்டும் பெருகும். மழைக்காலத்திற்குப் பின் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து ஆழமற்ற நீரில் நின்று இரை தேடும் காட்சி கண்டாரை மறக்கவொட்டாது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர நாட்டைச் சேர்ந்தது. தென்கோடியிலுள்ள சிறு பகுதியே தமிழ்நாட்டின்பாற்பட்டது. 1953-ல் ஆந்திர மாகாணம் பிரிந்தபோது நிலத்திற்கு எல்லைக்கல் நட்டனர். நீரின்மேற் கல் நடுதல் யாரால் இயலும்? மீன்கள் இன்றளவும் எவ்வரசினிடத்தும் அநுமதி பெறாமலே இருபுறமும் சென்று வருகின்றன.

இத்தகைய மீனவர் ஊருக்கும் இராசதானி நகருக்கும் யாது தொடர்பு என வினவலாம். தொடர்பு உண்டு. பழவேற்காடே ஒரு காலத்தில் அரசாட்சித் தலைநகராக விளங்கியது. விசயநகர வேந்தர் காலத்திலேயே துறைமுகமாய்ப் புகழ்பெற்றிருந்த இவ்வூரில், ஒல்லாந்தர் 1613-ல் ஒரு கோட்டையைக் கட்டி முடித்து, தம் நாட்டிலுள்ள கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் அதற்கு 'ஜெல்ட்ரியா' என்று பெயரிட்டனர். 1616 முதல் சோழமண்டலக் கரையிலிருந்த அவர்தம் பண்டகசாலைகள் அனைத்தையும் ஆளும் தலைமை இருக்கை இதுவே ஆயிற்று. நாணயச் சாலையும் வெடிமருந்துச் சாலையும் இங்கு இருந்தன. இங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணி கீழ்த்திசைத் தீவுகளிற் பெரும்பெயர் பெற்றது. மலாய் மக்கள் கைலியை இன்றும் 'பெலிக்காட்' என்று வழங்குவது எம் ஊர்ப் பெயரின் திரிபேயாம். துணியோடு மனிதரையும் அடிமைகளாக ஏற்றி விற்றனர் என்பதும் வரலாறு. அதனை மறைத்துப் பழம்பெருமை பேசுதல் முறையன்று.

அத்தலைமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1690-ல் அதனை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். 1781-ல் ஆங்கிலேயர் நாகையைக் கைப்பற்றியதால் மீண்டும் பழவேற்காடு தலைமையிடமாயிற்று. கைமாறிக் கைமாறி 1825-ல் ஆங்கிலேயர்க்கே உரியதாயிற்று. இன்று கோட்டை இருந்த இடத்தில் முட்புதரும் செங்கற் சிதைவும் அகழியின் சுவடுமே காணலாம். எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் வாயிலிற் காவல் நிற்கும் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையினரின் பாதுகாப்பில் உள்ளது. எனினும் ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம் 'கோட்டைக்குப்பம்' என்ற பெயரோடு உயிர் வாழ்கின்றது. கோட்டை அழிந்தது, அதன் நிழலில் இருந்த குப்பம் அழியவில்லை. இது சிந்திக்கத் தக்கது.

நிற்க. சண்டிகரைப் பற்றிச் சொல்லுவாம். 1947-ல் நாடு பிரிவுற்றபோது பாஞ்சாலத்தின் தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானத்திற்கு உரியதாயிற்று. கிழக்குப் பாஞ்சாலத்திற்குப் புதிதாக ஒரு தலைநகர் வேண்டியிருந்தது. முதலில் அமெரிக்கச் சிற்பி ஆல்பர்ட் மேயர் வரைபடம் வகுத்தார். பின்னர் 1951-ல் பிரெஞ்சுச் சிற்பி லெ கொர்புசியேயிடம் அப்பணி சென்றது. 1953-ல் இராசேந்திர பிரசாத் அவர்கள் நகரைத் தொடங்கி வைத்தார்கள். 1966-ல் பாஞ்சாலமும் அரியானாவும் பிரிந்தபோது இரண்டிற்கும் இந்நகரே தலைநகரென்றும், நகரம் மத்திய அரசின் நேர் ஆட்சிக்கு உட்பட்டதென்றும் ஏற்பாடாயிற்று. எம் ஏரியை இரண்டு மாநிலங்கள் பங்கிட்டுக் கொண்டிருப்பது போலவே எம் நகரையும் இரண்டு மாநிலங்கள் பங்கிட்டுக் கொண்டிருந்தன. விதி எம்மை எல்லைக்கோட்டினின்று விடுவதாயில்லை.

அந்நகரம் 'செக்டர்' எனப்படும் பகுதிகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் உடையது. ஒவ்வொன்றிற்கும் கடைவீதியும் பள்ளிக்கூடமும் புல்வெளியும் உண்டு. பெருவழி, கிளைவழி, நடைவழி என்று சாலைகளும் ஏழு தரமாக வகுக்கப்பட்டன. குழாயில் நீர் தவறாது வரும். கழிவுநீர் கண்ணுக்குப் படாமற் செல்லும். சாலையின் இருமருங்கும் இன்ன மரம் இன்ன பருவத்திற் பூக்கும் என்று எண்ணி நட்டிருக்கின்றனர். கோடையிற் குடிநீருக்குக் குடத்தோடு காத்து நிற்கும் எம் குப்பத்துப் பெண்டிரை நினைக்குந்தோறும், இத்தகைய நகரங்களை இகழ்ந்து பேசுவார் வார்த்தை எமக்கு உடன்பாடாகத் தோன்றுவதில்லை. வாய்க்காலும் குழாயும் விளக்கும் அழகுப் பொருள்களல்ல. அவை குழந்தைகளின் உயிர்.

ஆயினும் ஆறாண்டு வாழ்ந்தும் அந்நகரம் எமக்கு ஊராகவில்லை. அதன் காரணத்தைப் பன்முறை ஆராய்ந்தோம். அங்கு எம் வீட்டின் முகவரி ஓர் எண்ணும் மற்றோர் எண்ணுமேயன்றி வேறில்லை. அரசாங்க வீடுகள் உத்தியோகத் தரத்திற்கேற்பப் பல வகையாகக் கட்டப்பட்டமையால், ஒருவர் வீட்டு வாயிலைக் கண்டமாத்திரத்தில் அவர் சம்பளத்தை மதித்து விடலாம். அண்டை வீட்டார் நல்லவர். ஆனால் மாற்றல் உத்தரவு வந்ததும் பெட்டி கட்டிப் போய்விடுவர். ஓய்வு பெற்றாலும் வீட்டைக் காலி செய்தல் வேண்டும். அவ்வீட்டில் பிறப்பும் இறப்பும் நிகழலாம், பரம்பரை நிகழாது. எம் அன்னையார் ஒரு குளிர்காலத்தில் வந்து ஒரு திங்கள் தங்கினார். தெருக்களின் தூய்மையைக் கண்டு வியந்தவர், நான்காம் நாள், "எல்லாம் நல்லாத்தான் இருக்குது ராசா, ஆனா இந்த ஊர்லே வலை உலர்த்த ஒரு இடம் விட்டாங்களா?" என்று கேட்டார். யாம் நகைத்தோம். ஆனால் அக்கேள்வி நகைப்போடு முடியவில்லை. அந்நகரை வகுத்தார் உத்தியோகஸ்தர்க்கு இடம் வைத்தனர், வணிகர்க்கு வைத்தனர், மாணவர்க்கு வைத்தனர். செங்கல் சுமந்து அந்நகரைக் கட்டிய கூலியாட்கள் எங்கே குடியிருப்பர் என்பதை மட்டும் போதிய அளவு எண்ணவில்லை. நெடுங்காலம் அவர்கள் நகரத்தின் ஓரங்களிற் குடிசையிட்டு வாழ நேர்ந்தது.

அந்நகரில் ஓர் ஏரியும் உண்டு. சிவாலிக் மலையினின்று இறங்கும் சுக்னா என்னும் காட்டாற்றை 1958-ல் அணையிட்டுத் தடுத்து அவ்வேரியை அமைத்தனர். ஏரியின் அமைதி கெடலாகாதென்பது கொர்புசியேயின் கட்டளை. மாலைதோறும் யாம் அதன் கரையில் உலாவுவோம். அது காட்சிக்கு இனியது. ஆனால் மலைமண் ஆண்டுதோறும் வந்து படிந்து அதனைத் தூர்த்துக்கொண்டேயிருந்தது. நகரமக்கள் கூடை சுமந்து தூர்வாரியதும், மலையடியிற் சிறு தடுப்பணைகள் கட்டியதும் அதனை ஓரளவு காத்தன. எம் பழவேற்காட்டிலும் இதே துன்பம் உண்டு. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடும். அடைபட்டால் நீர் ஓட்டம் நின்று இறால் வரத்துக் குன்றும். படகுகள் கடலேறவும் இயலாது. அப்போது குப்பத்தார் தம்மிற் பணம் சேர்த்து, மண்வெட்டியோடு சென்று மணலை வெட்டி வழி திறந்ததுண்டு. அளந்து செய்த ஏரிக்கும் அளவாத ஏரிக்கும் இறுதியில் துணை நின்றது, அவ்வேரியைத் தமதென்று எண்ணிய மனிதர் கையேயாம். திட்டம் நீரைத் தேக்கலாம். அதனைக் காத்தற்கு அன்பு வேண்டும்.

இன்னொன்றும் அந்நகரிற் கண்டோம். தலைநகர் கட்டுவதற்காகப் பல சிற்றூர்கள் அகற்றப்பட்டன. அவற்றின் இடிபாடுகளினின்று உடைந்த ஓடும் பீங்கானும் கல்லும் திரட்டி, நேக் சந்து என்னும் சாலைத்துறைச் சிற்றுத்தியோகஸ்தர் ஒருவர், யாரும் அறியாவண்ணம் காட்டினுள் ஆண்டுக்கணக்கில் ஒரு சிற்பத் தோட்டம் அமைத்தார். சட்டப்படி அஃது அத்துமீறல், இடித்துத் தள்ளவேண்டியதே. ஆனால் பொதுமக்கள் அதனைக் காக்க விரும்பினர். 1976-ல் அரசினரே அதனைத் திறந்து வைத்தனர். இன்று சண்டிகருக்கு வருவோர் பலர் முதலிற் காண விழைவது வரைபடத்தில் இல்லாத அத்தோட்டத்தையே. அழிந்த ஊர்களின் ஓட்டாஞ்சில்லே அந்நகரின் அணியாயிற்று.

இவற்றைக் கேட்போர், குப்பத்தில் திட்டமே இல்லை போலும் என்று கருதலாகாது. எம் ஏரியில் 'பாடு' என்னும் முறை பல தலைமுறைகளாக வழங்குகின்றது. இறால் படும் இடங்கள் ஏரியிற் சிலவே. எல்லாரும் ஒருங்கே வலையிட்டால் ஒருவர்க்கும் பயனில்லை. வலிமையுடையார் மட்டும் இட்டால் எளியார் பட்டினி கிடப்பர். ஆதலால் உரிமையுடைய குப்பத்தார் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலையிடுதல் என்று வரிசை வகுப்பர். நல்ல இடம் இன்று ஒருவர்க்கு வந்தால் மற்றொரு நாள் அடுத்தவர்க்குச் செல்லும். முறையை மீறினார்க்கு ஊர்க்கூட்டம் தண்டம் விதிக்கும். காகிதமும் மையும் இன்றி, நினைவாலும் நாணத்தாலும் நடக்கும் ஆட்சி இது. 'பாடு' என்பதற்கு உழைப்பு என்றும் வருத்தம் என்றும் பொருளுண்டு. பங்கு என்ற பொருளையும் எம்மவர் அதனுட் சேர்த்துக்கொண்டனர்.

அம்முறையிற் குறையில்லை என்று சொல்ல மாட்டோம். பாட்டுரிமை பரம்பரையாக வருவது. அவ்வுரிமையில்லாத பிற சாதியாரும், ஏரிச் சேற்றிற் கையால் தடவி இறால் பிடித்து வயிறு வளர்க்கும் இருளர் பெண்டிரும் அவ்வரிசையிற் சேரார். மீன் சுமந்து விற்கும் எம் தாய்மார்க்கும் சீட்டில் பெயரில்லை. ஆக, கொர்புசியேயின் வரைபடம் கூலியாளை மறந்தது போலவே எம் மூத்தோரின் சீட்டும் சிலரை மறந்தது. எத்திட்டத்தையும் அறிதற்குரிய உரைகல், அதனால் நன்மை பெற்றார் யார் என்ற வினா மட்டுமன்று. அதில் விடுபட்டார் யார் என்ற வினாவுமாம்.

இவ்வினாவை எழுப்ப எமக்குச் சண்டிகர் வரை போகவேண்டுவதில்லை. எம் ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு 1969-ல் விண்கலம் ஏவுதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9-ல் முதல் சிறு ராக்கெட்டு அங்கிருந்து எழுந்தது. இன்று சதீஷ் தவான் விண்வெளி மையம் என்னும் பெயரோடு, குடியிருப்பும் வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் உடைய ஒழுங்கான நகரமாக அது திகழ்கின்றது. சூலூர்ப்பேட்டையினின்று ஏரியின் நடுவே சாலையும் சென்று அதனைச் சேர்கின்றது. 2023 சூலை 14-ல் சந்திரயான் எழுந்த ஒளியை எம் கரையினின்றும் கண்டு களித்தனர். எம் மீனவச் சிறாரும் கைகொட்டி ஆர்த்தனர். அப்பெருமை எமக்கும் உரியது. ஆயினும் ஏவும் நாளிற் கடலேறலாகாதென்று எச்சரிக்கப்படுவோரும் எம்மவரே. அத்தீவினின்று முன்னாளிற் பெயர்க்கப்பட்ட யானாதி மக்களும் பிறரும் எம் அண்டையாரே.

இப்போதும் எம் திசையில் பல வரைபடங்கள் விரிகின்றன. சென்னை–பெங்களூர்த் தொழில் வழித்தடத்தில் பொன்னேரி ஒரு புதுநகர்க் கணுவாகக் குறிக்கப்பட்டது. 1,189 சதுர கிலோமீட்டராயிருந்த சென்னைப் பெருநகரின் எல்லை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. இவற்றால் வேலையும் சாலையும் வருமாயின் வரவேற்போம். ஆனால் ஒன்று கூறுவோம். நகர் வகுப்போர் வரைபடத்தில் ஏரி என்பது நீல நிறம் தீட்டிய வெற்றிடம். எம் மூத்தோர் நெஞ்சிலோ அந்நீலத்தில் வெற்றிடம் என்பதே இல்லை. இது பாட்டுக்குரிய துறை, இது சேறு, இது நண்டு ஒதுங்கும் இடம், இது காற்றுக்குப் படகு ஒதுக்கும் இடம் என்று ஒவ்வொரு முழத்திற்கும் அடையாளம் உண்டு. அவ்வடையாளங்கள் ஏறாத வரைபடம் எத்துணை அழகியதாயினும் அரைகுறையானதே.

மாணவ நண்பர்காள்! நாளை நும்முட் சிலர் பொறியியலாளராகவும் நகர் வகுக்கும் அதிகாரிகளாகவும் அமர்வீர். நும் மேசைமேல் எம் ஏரியின் படமும் ஒருநாள் விரிக்கப்படலாம். அப்பொழுது எழுதுகோலை எடுக்குமுன் ஒருமுறை பழவேற்காட்டுக்கு வம்மின். விடியற்காலையிற் படகுத்துறையில் நிற்மின். எவ்விடத்தில் வலை உலர்கின்றது, எவ்வழியே பெண்டிர் கூடையோடு சந்தைக்குச் செல்கின்றனர், யார் சீட்டில் பெயரின்றிச் சேற்றில் இறங்குகின்றனர் என்பனவற்றை அவர் வாய்மொழியாலேயே கேண்மின். குழாய்நீரும் குறைவின்றித் தருமின். வலை உலர்த்தும் இடத்தையும் குறித்து வைம்மின். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த ஊரை இதுகாறும் யாம் கண்டிலோம். அதனை வகுக்கும் கை நும் கையாகுக.